ஆறு மாதம் பொறுங்கள், அப்பா

ஜனவரி 12

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நான் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமா?

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பத்து நிமிடம் பேசினாய். எனக்குக் கிடைத்தது 'சாப்பிட்டீங்களா' என்ற ஒரு சொல். அதுவும் நீ எப்போதும் கேட்பது என்பதால் ஊகித்தது. மீதிக்கெல்லாம் 'ஆமாம்' போட்டுவைத்தேன். வீட்டை எழுதித் தரக் கேட்டிருந்தாயானால் கொடுத்தாகிவிட்டது என்று வைத்துக்கொள்.

முப்பத்தோரு வருடம் மர அறுவை ஆலையில் ரம்பத்துக்குப் பக்கத்தில் நின்ற காது. வலது காது முன்பே ஓய்வு பெற்றுவிட்டது. இடது காதும் விண்ணப்பம் கொடுத்திருக்கிறது. எதிரே உட்கார்ந்து நிதானமாகப் பேசினால் பிடித்துக்கொள்கிறேன், போனில்தான் தகராறு. காது டாக்டரிடம் போனேன். வயசு, ஆலைச் சத்தம் என்றார். வேறு பெரிதாக ஒன்றும் இல்லை. போனில் வரும் பொடி எழுத்து என் கண்ணுக்கு ஆகாது. ஆகவே இனி கடிதமாகவே எழுது.

ஒரு விஷயம். செவ்வாய்க்கிழமை என் போனுக்கு யாரோ ஓயாமல் கூப்பிட்டார்கள். மாடியில் குடியிருக்கும் டீச்சரிடம் கொடுத்துப் பேசச் சொன்னேன். ஏதோ வங்கியாம். 'அவங்க பொண்ணு போனை எடுக்கிறதில்லை, எங்கே இருக்காங்க' என்று கேட்டானாம். டீச்சருக்கு என்னிடம் சொல்லவே கூச்சம். என்னம்மா அது?

உடம்பைப் பார்த்துக்கொள்.
அப்பா

ஜனவரி 27

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். நாங்கள் இங்கே நலம். உங்கள் காது எப்படி இருக்கிறது?

உங்களிடம் பொய் சொல்லிப் பயனில்லை. என் பெயரில் மூன்று கிரெடிட் கார்டு இருக்கிறது, மூன்றிலும் கடன். எல்லாம் சேர்த்தால் என் ஆறு மாதச் சம்பளம். புது ஃபிரிட்ஜ், சோபா, ஒரு சுற்றுலா என்று கண்மண் தெரியாமல் செலவு செய்துவிட்டேன். மாதாமாதம் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டு வந்தேன். அது வட்டிக்கே காணவில்லை. நான் உட்கார்ந்திருப்பது வீட்டு உபயோகப் பொருள் கடையின் பில் போடும் மேஜையில். நாள் முழுதும் மற்றவர்களின் கார்டைத் தேய்த்துக் கொடுக்கிறவளுக்குத் தன் கார்டைப் பற்றித் தெரியாமல் போனது வெட்கக்கேடு.

போன வாரம் கடைக் கத்தரிக்கோலால் இரண்டு கார்டை வெட்டிப் போட்டேன். மூன்றாவதை அவசரத்துக்கு என்று வைத்திருக்கிறேன். விலை உயர்ந்த போனை விற்றுவிட்டுப் பொத்தான் போன் வாங்கினேன். வாடகை குறைவு என்று ஒற்றை அறைக்கு மாறிவிட்டோம். புது விலாசம் பின்னால் இருக்கிறது. வங்கிக்காரர்கள் இனி உங்களைத் தொந்தரவு செய்ய மாட்டார்கள். நானே போய்ப் பேசிவிட்டேன்.

அவர் நலம். வேலை விஷயமாக அடிக்கடி வெளியூர் போகிறார். உங்களைக் கேட்டதாகச் சொன்னார்.

அன்பு மகள்

பிப்ரவரி 8

என் அன்புப் பாப்பாவுக்கு, நலம். நலமறிய ஆவல்.

கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். முதல் தரம் கோபம் வந்தது. இரண்டாம் தரம், சின்ன வயதில் பென்சில் தொலைந்தால்கூட மூன்று நாள் சொல்லாமல் மறைத்தவள் இவ்வளவையும் எழுதிவிட்டாளே என்று தோன்றியது. சோபாவில் ஒரு நாளாவது நிம்மதியாக உட்கார்ந்தாயா?

இத்துடன் காசோலை வைத்திருக்கிறேன். உன் சம்பளத்தில் இரண்டு மாதம் தேறும். ஆலையில் கணக்கு முடித்துக் கொடுத்ததில் மிச்சம், சும்மா கிடந்தது. எதற்காக வைத்திருந்தேன் என்று கேட்காதே. எனக்கே மறந்துவிட்டது. வட்டி அதிகமுள்ள கார்டை முதலில் அடை. திருப்பி அனுப்பினால் நான் கையெழுத்துப் போட்டு வாங்க மாட்டேன். தபால்காரர்தான் இரண்டு தரம் வெயிலில் நடப்பார்.

மாப்பிள்ளையை ஒன்றும் சொல்லாதே. ஆண்பிள்ளைக்கு மனைவி பெயரில் கடன் என்றால் தலைகுனிவாக இருக்கும். இருவரும் பேசிச் சேர்ந்து அடையுங்கள்.

அப்பா

மார்ச் 3

அன்புள்ள அப்பாவுக்கு, வணக்கம். நலம்.

காசோலையை மேஜைமேல் வைத்துக்கொண்டு நான்கு நாள் உட்கார்ந்திருந்தேன். ஐந்தாம் நாள் கொண்டுபோய்க் கட்டினேன். முதல் கார்டு முடிந்தது. இன்னும் நான்கு மாதச் சம்பளம் பாக்கி. பாதிச் சம்பளத்துக்கு மேல் அதற்கே போகிறது. ஞாயிறும் கடைக்குப் போகிறேன், கூடுதல் கூலி.

கடையில் இப்போது தள்ளுபடி விற்பனை. என் மேஜைக்கு எதிரே ஒரு துணி துவைக்கும் இயந்திரத்தை நிறுத்தியிருக்கிறார்கள். அறையில் எல்லாம் கையால்தான் துவைக்கிறேன். சோப்புத் தண்ணீரில் விரலிடுக்கு வெடித்துவிட்டது. பில் போடும்போது காகிதம் பட்டால் எரிகிறது. மேலாளர் கையைப் பார்த்துவிட்டு, "உனக்கு ஊழியர் விலையில தர்றேன், பாதிதான். மாசா மாசம் சம்பளத்துல பிடிச்சுக்கிறேன், உனக்குத் தெரியவே தெரியாது" என்றார்.

"தெரியாமப் போறதுதான் சார் எனக்குப் பயமா இருக்கு" என்றேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார். அன்று சாயங்காலம் அந்த இயந்திரத்தை ஒரு புது ஜோடி வாங்கிக்கொண்டு போனது. பில் நான்தான் போட்டேன். அந்தப் பெண் இரண்டு தரம் அதன் மூடியைத் திறந்து மூடினாள்.

கூட வேலை செய்கிறவர்கள் விமானத்தில் மூன்று நாள் சுற்றுலா போகிறார்கள். நான் வரவில்லை என்றேன். இப்போது மத்தியானச் சாப்பாட்டுக்கும் என்னைக் கூப்பிடுவதில்லை.

அவர் நலம். வெளியூரில் இருக்கிறார்.

அன்பு மகள்

ஏப்ரல் 20

அன்பு மகளுக்கு, நலம்.

கை வெடிப்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு படு. காலையில் தடவினால் உங்கள் பில் எல்லாம் எண்ணெய்க் காகிதமாகிவிடும்.

இங்கே விசேஷம் ஒன்றும் இல்லை. போன வாரம் கடைத்தெருவில் ஒரு ஸ்கூட்டர் லேசாக உரசிவிட்டுப் போனது. பின்னாலிருந்து ஒலி எழுப்பியிருப்பான் போலிருக்கிறது. முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். அவன் என்னைத் திட்டியதும் கேட்கவில்லை என்பதால் எனக்கு மனவருத்தமும் இல்லை.

ஒரு நடை வந்துவிட்டுப் போனால் என்ன? மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காதா? நீங்கள் வந்து போய் ஒரு வருடத்துக்கு மேலாகிறது.

அப்பா

ஜூன் 17

அன்புள்ள அப்பாவுக்கு, வணக்கம். இரண்டு மாதமாகப் பதில் போடாததற்கு மன்னியுங்கள். உடம்புக்கு ஒன்றும் இல்லை. எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை.

இரண்டாவது கார்டும் முடிந்தது. இனி ஒன்றுதான். நீங்கள் சந்தோஷப்படுவீர்கள் என்று தெரியும். எனக்குத்தான் ஒன்றும் தோன்றவில்லை. சம்பளம் வருகிறது, கட்டுகிறேன், மறுபடி அடுத்த மாதத்துக்காகக் காத்திருக்கிறேன். போன வாரம் ஒரு நாள் முழுக்கக் கடையில் 'அடுத்தவங்க வாங்க' என்பதைத் தவிர வேறு ஒரு வார்த்தையும் பேசவில்லை என்று வீட்டுக்கு வந்த பிறகு நினைவு வந்தது.

ஸ்கூட்டர் விஷயம் படித்ததிலிருந்து மனசு சரியில்லை. எங்கள் கடைக்கு நான்கு கடை தள்ளிக் காது கேட்கும் கருவி விற்கிறார்கள். வெள்ளிக்கிழமை போனேன். இரண்டு காதுக்கும் சேர்த்து என் இரண்டு மாதச் சம்பளம். அங்கிருந்த பெண், "கார்டுல போட்டா பன்னிரண்டு மாசத் தவணை மேடம், வட்டி கிடையாது. மாசம் ஒரு சின்னத் தொகைதான்" என்றாள். அந்த வாக்கியத்தை ஒரு நாளைக்கு நாற்பது தரம் நானே சொல்கிறேன், அப்பா. அதே குரலில் சொல்கிறேன். வீட்டில் போட்ட சோபாவுக்கும் ஒருவர் இதையேதான் சொன்னார்.

மூன்றாவது கார்டை எடுத்துக் கண்ணாடி மேஜையில் வைத்தேன். படிவத்தில் உங்கள் பெயரை எழுதினேன். கையெழுத்துப் போட வேண்டிய இடம் வந்ததும் என்னால் முடியவில்லை. இன்றைக்கு இதற்கு ஒரு நியாயம் சொன்னால் நாளைக்கு வேறொன்றுக்கும் சொல்வேன் என்று பயமாக இருந்தது. கார்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

இன்னும் ஆறு மாதம் பொறுங்கள், அப்பா. கடன் தீர்ந்ததும் ரொக்கமாகவே வாங்கித் தருகிறேன். பொறுக்க முடியாது என்றால் சொல்லுங்கள், நாளைக்கே போய்க் கையெழுத்துப் போடுகிறேன்.

அவர் நலம்.

அன்பு மகள்

ஜூன் 30

என் அன்புப் பாப்பாவுக்கு, நலம்.

நீ செய்தது சரி. கையெழுத்துப் போடாமல் திரும்பி வந்தாயே, அதுதான் எனக்கு வேண்டும். ஆறு மாதம் என்ன, ஆறு வருடம் பொறுப்பேன். எனக்கு இந்த வயதில் யார் பேச்சைக் கேட்டு என்ன ஆகப்போகிறது? செய்தி வாசிக்கிறவன் சொல்வதில் பாதி பொய் என்பார்கள். எனக்கு அந்தப் பாதியும் மிச்சம்.

மாடி டீச்சர் ஒரு சிலேட்டு வாங்கி வந்திருக்கிறார். வாடகை கொடுக்க வந்தால் அதில் எழுதிக் காட்டுகிறார். எதிரே உட்கார்ந்து பேசினால் நேரமாகிறதல்லவா, அதற்காக. மற்றபடி ஒன்றும் இல்லை.

கடனை முடி. என்னைப் பற்றி யோசிக்காதே.

அப்பா

டிசம்பர் 29

அன்புள்ள அப்பாவுக்கு, வணக்கம்.

முடிந்துவிட்டது. நேற்று மூன்றாவது கார்டின் கடைசித் தொகையைக் கட்டினேன். வங்கியில் இருந்த பையன் கணினியைப் பார்த்துவிட்டு, "ஒழுங்காக் கட்டி முடிச்சிருக்கீங்க மேடம். உங்க லிமிட்டை ரெண்டு மடங்கு ஆக்கித் தர்றோம்" என்றான். கார்டை மூடிவிட வேண்டும் என்றேன். ஏதோ கெட்ட செய்தி கேட்டவன் போல மேலதிகாரியைக் கூப்பிட்டான். அவர் வந்து அரை மணி நேரம் பேசினார். எல்லாவற்றுக்கும் வேண்டாம் என்றேன். கடைசியில் பாக்கி இல்லை என்று ஒரு காகிதம் கொடுத்தார்கள்.

அதை எடுத்துக்கொண்டு அறைக்கு வந்தேன். விளக்கைப் போட்டேன். காட்ட யாரும் இல்லை. மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டுத் துணி துவைத்தேன்.

ஜனவரியில் கடையில் ஊக்கத்தொகை கொடுப்பார்கள். அதையும் இரண்டு மாத மிச்சத்தையும் அனுப்புகிறேன். ஒரு காதுக்காவது நல்ல கருவியாக அங்கேயே அளவு பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள். இனி மறுக்கக் கூடாது. உங்களிடம் பேச வேண்டியது நிறைய இருக்கிறது. கடிதத்தில் எழுத வராதவை.

அன்பு மகள்

பிப்ரவரி 20

அன்பு மகளுக்கு, நலம். பணம் கிடைத்தது. கருவியும் வாங்கியாயிற்று.

இடது காதில் போட்டிருக்கிறேன். கடலை அளவுதான் இருக்கிறது. சத்தம் எல்லாம் நன்றாக வருகிறது. குளியலறைக் குழாய் சொட்டிக்கொண்டே இருந்திருக்கிறது, எத்தனை மாதமோ. சுவர்க் கடிகாரம், மாடிப்படியில் டீச்சரின் செருப்பு, தெருவில் இரும்புக் கதவு, எல்லாம் கேட்கிறது. உன் பணம் வீண் போகவில்லை.

போனுக்கு மட்டும் இன்னும் பழக வேண்டும் என்றார்கள். அவசரப்பட்டுக் கூப்பிடாதே. கடிதமே எழுது. உன் கையெழுத்தைப் பார்த்துப் பழகிவிட்டேன்.

மாப்பிள்ளைக்கு என் ஆசி.

அப்பா

மார்ச் 9

அன்புள்ள சகோதரிக்கு, மாடி வீட்டு டீச்சர் எழுதுவது. நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உங்கள் அப்பாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் என் போனுக்குக் கூப்பிட்டு, அப்பாவிடம் கொடுங்கள் என்றபோது எனக்கு மறுக்க மனம் வரவில்லை. கொடுத்துவிட்டு நான் நகர்ந்துவிட்டேன். நீங்கள் பேசியது என் காதில் விழவில்லை. ஆனால் அவர் சுவரைப் பார்த்தபடி, "சரிம்மா. ரொம்ப சந்தோஷம்" என்று சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. வைத்த பிறகு கருவியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

கருவி வாங்கிய அன்று நானும் கூடப் போயிருந்தேன். சோதித்தவர் ஒவ்வொரு சொல்லாகச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னார். மரம், கதவு, பால் என்று சின்னச் சொற்கள். இருபத்தைந்தில் இரண்டுதான் சொன்னார். சத்தத்தைக் கருவி பெரிதாக்கிவிடும், ஆனால் அதைச் சொல்லாகப் பிரித்துக்கொள்ளும் நரம்பு ஓய்ந்துவிட்டது என்றார் அவர். "போன வருஷமே போட்டிருந்தா பாதியாவது பிடிச்சு வச்சிருக்கலாம்" என்றார். அதை நான் சிலேட்டில் எழுதவில்லை. உங்கள் அப்பா என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். போன வருடம் ஜனவரியிலேயே டாக்டர் அவரிடம் சீக்கிரம் கருவி போடச் சொல்லியிருந்தார். தள்ளிப் போட்டால் பேச்சு பிடிபடாமல் போய்விடும் என்றும் சொன்னார். அப்போதும் நான் கூட இருந்தேன். அதற்கான பணம் அவரிடம் இருந்தது. அடுத்த மாதம் கேட்டபோது, வேறு செலவு வந்துவிட்டது என்றார். என்ன செலவு என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்.

மன்னியுங்கள்.
டீச்சர்

மார்ச் 12

என் அன்புப் பாப்பாவுக்கு,

நான் நலம் என்று எழுதினால் நம்ப மாட்டாய். போனில் நான் பேசிய லட்சணத்திலேயே உனக்குத் தெரிந்திருக்கும். கேட்கிறது என்று எழுதியது தப்பு. நீ ஒரு வருடம் வயிற்றைக் கட்டிச் சேர்த்த காசு வீணாயிற்று என்று எப்படி எழுதுவேன்?

ஆனால் ஒன்று. சத்தம் கேட்டதம்மா. நீ பேசியது எனக்கு வெறும் இரைச்சலாகத்தான் வந்தது, ஆலையில் தூரத்து ரம்பம் ஓடுகிற மாதிரி. நடுவில் அது மாறியது. நீ அழுதாய். அது மட்டும் எனக்கு நன்றாகத் தெரிந்தது. எதற்கு அழுகிறாய் என்று தெரியவில்லை. என்ன சொல்வதென்று தெரியாமல் சரி, சந்தோஷம் என்று ஏதேதோ சொல்லிவைத்தேன். உன் அழுகையைக் கேட்டுக்கொண்டே அப்படிச் சொன்னேன். அதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

உன் பழைய கடிதங்களை எல்லாம் எடுத்துப் படித்தேன். மாப்பிள்ளையைப் பற்றி எல்லாவற்றிலும் அதே 'அவர் நலம்'தான் இருக்கிறது. டிசம்பர் கடிதத்தில் அதுவும் இல்லை.

என்ன சொன்னாய் என்று எழுது. ஒன்றையும் விடாமல் எழுது.

அப்பா

மார்ச் 30

அன்புள்ள அப்பாவுக்கு,

டீச்சர் எழுதிய கடிதமும் வந்தது. அவரைக் கோபிக்காதீர்கள். அந்தக் காசோலை எதற்கு வைத்திருந்த பணம் என்று இப்போது தெரியும். உங்கள் காதைக் கொண்டுபோய் முதல் கார்டைக் கட்டியிருக்கிறேன். ஜூன் மாதம் அந்தக் கடையில் கையெழுத்துப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்கவும் எனக்குப் பயமாக இருக்கிறது. வேண்டாத எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போட்ட கை, வேண்டிய ஒன்றுக்குத்தான் போடவில்லை.

போனில் சொன்னதை எழுதுகிறேன்.

அவர் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. பழைய கார் வாங்கி விற்கும் தொழில் என்று என் மூன்று கார்டிலிருந்தும் பணம் எடுத்தார். ஃபிரிட்ஜும் சோபாவும் உண்மைதான், ஆனால் அது கொஞ்சம். சுற்றுலா பொய். தொழில் படுத்ததும் ஒரு நாள் காலையில் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். வங்கியிலிருந்து கூப்பிட்டபோதுதான் எவ்வளவு என்று எனக்கே தெரிந்தது. எங்கே இருக்கிறார் என்று தெரியாது. தேடவும் இல்லை. உங்களிடம் சொன்னால் நீங்கள் உடைந்துவிடுவீர்கள் என்று நினைத்தேன். அது பாதி. நீங்கள் பார்த்துக் கட்டிவைத்தது என்பதால் உங்களையே நொந்துகொள்வீர்கள் என்பது மீதி. நீங்கள் கூப்பிட்டும் ஊருக்கு வராததற்குக் காரணம் இதுதான். வந்தால் தனியாக வர வேண்டும்.

கடன் தீரட்டும், உங்களுக்குக் காது கேட்கட்டும், அப்புறம் ஒரே மூச்சில் வாயால் சொல்லிவிடலாம் என்று வைத்திருந்தேன். அன்று, "அப்பா, அவர் என்னை விட்டுட்டுப் போயிட்டார்" என்றேன். "சரிம்மா, ரொம்ப சந்தோஷம்" என்றீர்கள். முதலில் எனக்குப் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. புரிந்த பிறகும் நிறுத்தாமல் பேசினேன். யாருக்கும் கேட்காது என்று தெரிந்ததும் பேசுவது சுலபமாக இருந்தது.

கடைசியில், "நான் வீட்டுக்கே வந்துடட்டுமாப்பா?" என்று கேட்டேன். நீங்கள், "அதுக்கென்ன அவசரம், பிறகு பாத்துக்கலாம்" என்றீர்கள்.

நான் கேட்டதற்கு நீங்கள் சொன்ன பதில் இல்லை அது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், மூன்று வாரமாக அந்தக் குரல்தான் காதில் இருக்கிறது. அதனால் மறுபடியும் எழுதிக் கேட்கிறேன். நான் வீட்டுக்கே வந்துடட்டுமாப்பா?

மகள்